தூரம் தெரியாத வாயுவுக்கு டச்

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக்கு டச், அதாவது அதன் தூய்மை எவ்வளவு என்று, பார்த்துக் கொடுக்கிற கடை எங்களுடையது. பெரிய கடை இல்லை. எக்ஸ்ரே விட்டு உலோகக் கலவையைச் சொல்லும் ஒரு எக்ஸ்ஆர்எஃப் மெஷின், ஒரு தராசு, ஒரு பிரிண்டர், நான். உருக்கிய கட்டியிலிருந்து வெட்டிய துணுக்கோ, வேலை முடிந்த கொலுசோ, எதுவானாலும் பட்டறைப் பையன்கள் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே வைத்து மூடியை இறக்கினால் கொஞ்ச நேரத்தில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஆள் வரும்வரை நான் வானியல் படிப்பேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அப்படி ஒரு பழக்கம்.

சில வருடங்களாக விடாமல் படித்துவருவது ஒரே விஷயத்தை. பெரிய கேலக்ஸியைச் சுற்றிவரும் குட்டி கேலக்ஸிகளிடமிருந்து உரிந்துபோகும் வாயு. அதிலும் எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிட்ட வாயு, கண்ணுக்கும் சிக்காது, ரேடியோவுக்கும் சிக்காது. இதைப் பற்றி எப்போதாவது தமிழில் செய்தி வந்தால் தலைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும்: பால்வெளி தன் பக்கத்து கேலக்ஸிகளை விழுங்குகிறது. விழுங்குகிறதா என்பதே இன்னும் முடிவாகாத கேள்வி. எவ்வளவு வாயு என்பதும் முடிவாகவில்லை. யாருடைய வாயு என்பது மட்டும் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. எடை தெரியாது, டச் தெரியும். இப்படி ஒரு சரக்கைப் பற்றிப் படித்தால் எனக்குப் பிடிக்காமல் போகுமா?

முதலில் குட்டிகள். பால்வெளியைச் சுற்றி டஜன் கணக்கில் குட்டி கேலக்ஸிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பழைய நட்சத்திரங்கள் மட்டும்தான். புதிதாக நட்சத்திரம் பிறக்க வாயு வேண்டும், அது அவற்றிடம் இல்லை. வானியலாளர்கள் ஜானா கிர்செவிச்சும் மேரி புட்மனும் 2009இல் இதைக் கணக்கெடுத்தார்கள். பால்வெளியிலிருந்தோ ஆண்ட்ரோமெடாவிலிருந்தோ சுமார் 9 லட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கிற குட்டிகளில் பெரும்பாலானவற்றில் நடுநிலை ஹைட்ரஜன், அதாவது அயனியாகாத ஹைட்ரஜன், தென்படவில்லை. அந்த எல்லைக்கு வெளியே இருப்பவற்றில் பெரும்பாலும் இருக்கிறது. லியோ டி என்று ஒரு பொடிசு, 13 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதில் நட்சத்திரங்களே கொஞ்சம்தான். ஆனாலும் சில லட்சம் சூரியன்களின் எடைக்கு வாயுவைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கிட்டே வந்தவை இழந்திருக்கின்றன, எட்ட நின்றது வைத்திருக்கிறது.

காரணம் இதுதான். பெரிய கேலக்ஸியின் நட்சத்திரங்கள் முடிகிற இடத்துக்கும் வெகுதூரம் வெளியே, சூடான மெல்லிய வாயு சுற்றிலும் பரவியிருக்கிறது. மெல்லியது என்றால் பத்து லிட்டர் இடத்தில் ஒரு துகள் என்கிற அளவுக்கு. இது யாரை என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் குட்டி அதற்குள் விநாடிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் எதிரே வரும் அழுத்தம் கிடைக்கும். ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் 1972இல் எழுதியது இது. வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. குட்டியின் ஈர்ப்போ சொற்பம். அது பிடித்துவைக்க முடிகிற அளவை அழுத்தம் தாண்டியதும் வாயு பின்பக்கமாக உரியத் தொடங்கும். நட்சத்திரங்களுக்கு ஒன்றும் ஆகாது, இந்த அழுத்தம் அவற்றை அசைக்கக்கூட அசைக்காது. உரிந்த வாயு எங்கே போகிறது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஒரு இடம் வேண்டும். நல்லவேளையாக அது நம் வானத்திலேயே இருக்கிறது.

பெரிய மெகல்லன் மேகம், சின்ன மெகல்லன் மேகம். ஒன்று சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரத்தில், இன்னொன்று சுமார் 2 லட்சம். பால்வெளியின் துணைகளில் இவை இரண்டும்தான் கனமானவை, 9 லட்சம் ஒளியாண்டு எல்லைக்குள் இருந்தும் கையில் வாயு மிச்சம் வைத்திருப்பவை. தெற்கு நாட்டுக்காரர்கள் தலைக்கு மேலே வெறும் கண்ணாலேயே பார்க்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சேலம் இருப்பது வடக்கே 11.65 டிகிரியில். கணக்குப்படி பெரிய மேகம் இங்கே தெற்கு அடிவானத்துக்கு மேல் எட்டரை டிகிரி வரை ஏறுகிறது. ஜனவரி கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். அதற்குக் கீழே பதினேழு, பதினெட்டு டிகிரி இறங்கினால் மேகம் இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். இதற்காகவே ஏற்காடு போயிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி லேடீஸ் சீட்டில் நின்றால் தெற்கு திசை முழுக்கத் திறந்து கிடக்கிறது. அகத்தியர் நன்றாகத் தெரிந்தார். அவருக்குக் கீழே தெரிந்தது சேலம். ஐந்து ரோடு, ஜங்ஷன், பைபாஸ் எல்லாம் சேர்ந்து எழுப்புகிற அந்த மஞ்சள் புகைவெளிச்சம் அடிவானத்திலிருந்து சரியாக எனக்கு வேண்டிய உயரம் வரை நிற்கிறது. சேர்வராயன் மலைக்குத் தெற்கே சேலம் இருக்கிறவரை இதற்கு வழியில்லை. கூட வந்த என் வீட்டுக்காரர் சுக்குக் காபி குடித்துக்கொண்டே, "இதைப் பார்க்கவா ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்தோம்?" என்று கேட்டார். கன்னியாகுமரியில் 12 டிகிரி ஏறும், எதிரே கடல். ஆசை இருப்பவர்கள் அங்கே முயற்சி செய்யலாம்.

ஆனால் நான் சொல்ல வந்த வாயு அடிவானத்தோடு நின்றுவிடவில்லை. 1974இல் மேத்யூசன், கிளியரி, மரே என்ற மூவர் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ ஆய்வகத்தில், இந்த இரண்டு மேகங்களிலிருந்தும் கிளம்பி வானத்தின் குறுக்கே ஓடுகிற நீண்ட ஹைட்ரஜன் பட்டை ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதன் சில துண்டுகளை மற்றவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். எல்லாவற்றையும் கோத்து இது மேகங்களோடு சேர்ந்த ஒரே பட்டை என்று சொன்னது இவர்கள்தான். மெகல்லன் ஓடை என்று பெயர். நூறு டிகிரிக்கு மேல் நீளம். முன்பக்கம் நீண்டிருக்கிற கிளையையும் சேர்த்தால் ஏறக்குறைய இருநூறு டிகிரி.

இதில் எனக்குப் பிடித்தது அதன் வால். அது தெற்கிலிருந்து ஏறி ஏறி பெகாசஸ் விண்மீன் கூட்டத்தின் சதுரத்துப் பக்கம் வரை வந்துவிடுகிறது. அக்டோபர் மாதம் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு சேலத்தில் மொட்டை மாடியில் படுத்தால் அந்தச் சதுரம் ஏறக்குறைய நேர் மேலே இருக்கும். மேகங்களைப் பார்க்கத்தான் மலையேற வேண்டியிருக்கிறது, அவை இழந்த வாயு நம் மாடிக்கு மேலேயே போகிறது. தெரியாது, அது வேறு விஷயம். எந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் தெரியாது.

பார்க்ஸில் பார்த்தது நடுநிலை ஹைட்ரஜனை. அதாவது எலக்ட்ரானைக் கைவிடாத ஹைட்ரஜன். அது 21 செ.மீ. அலைநீளத்தில் மெல்லிய ரேடியோ சமிக்ஞை விடும். அதை வைத்து வரைபடம் போடலாம், எடை போடலாம். எலக்ட்ரான் போய்விட்டால் வெறும் புரோட்டான் மட்டும் மிஞ்சும். அது 21 செ.மீ.இல் வாயே திறக்காது. ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். புற ஊதா ஒளி தாராளமாக அதைச் செய்யும். பிடுங்கிய பிறகு இரண்டும் மறுபடி சேர வேண்டுமானால் ஒன்றை ஒன்று சந்திக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய வாயுவில் அதற்குக் கோடி வருடக் கணக்கில்கூட ஆகலாம்.

அயனியாதல் என்றதும் இயற்பியலாளர் மேகநாத் சாகா நினைவுக்கு வராமல் இருக்காது. 1920இல் கல்கத்தாவிலிருந்து அவர் எழுதிய சமன்பாட்டைத்தான் எங்களுக்குக் கல்லூரியில் நடத்தினார்கள். வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் ஒரு வாயுவில் எத்தனை பங்கு அயனி என்று சொல்லிவிடலாம். நட்சத்திரத்தின் மேற்பரப்புக்கு அது கச்சிதம். ஓடைக்கு அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் அங்கே சமநிலை கிடையாது. எங்கிருந்தோ வருகிற ஒளி அடிக்கிறது, எலக்ட்ரான் போகிறது, திரும்பச் சேர வெகுகாலம் ஆகலாம். ஒரு கோணத்தில் பார்த்தால் அது சூரியப் பரப்பைவிட எளிமையான நிலைமை. இன்னொரு கோணத்தில் கஷ்டம், எந்த ஒளி அடித்தது என்று தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஒளி விஷயத்தில் ஒரு அருமையான சந்தேகக் கேஸ் இருக்கிறது. ஓடையின் ஒரு பகுதி, பால்வெளித் தட்டுக்கு நேர் கீழே இருக்கிற பகுதி, ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற சிவப்பு ஒளியில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக ஒளிர்கிறது. பால்வெளியின் நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து அனுப்பும் புற ஊதா ஒளி அதற்குப் போதாது. ஜாஸ் பிளாண்ட்-ஹாதார்ன் குழுவினர் 2013இல் சொன்ன விளக்கம்: நம் கேலக்ஸியின் நடுவே இருக்கிற, 40 லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளை சில பத்து லட்சம் வருடங்களுக்கு முன் ஒருமுறை பெரிதாகப் பொங்கியிருக்கிறது, அந்த ஒளி இரண்டு பக்கமும் கூம்பாகப் பாய்ந்ததில் ஓடையின் ஒரு பகுதி சிக்கிக்கொண்டது. 2019இல் அதைச் சுமார் 35 லட்சம் வருடம் என்று குறுக்கினார்கள். சரி என்றே வைத்துக்கொண்டால், பிறரிடமிருந்து வந்த வாயுவில் நம் வீட்டு விபத்து பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஆனால் பிடிக்கிறது என்பதாலேயே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன்.

பேசாத வாயுவை அளப்பது எப்படி? இதைக் கடையிலேயே ஒருவர் கேட்டார். நெடுநாள் வாடிக்கையாளர், பட்டறை வைத்திருப்பவர். என் திரையில் ஓடையின் வரைபடம் திறந்திருந்தது. என்ன இது என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்கண்ணு, கைக்கே எட்டாத காத்துக்கு எப்படி டச் எடுக்கறாங்க?" என்றார். சரியான ஆள், சரியான கேள்வி.

"நம்ம மெஷின்லயும் பொருளை யாரும் தொடறதில்லீங்களே அண்ணா" என்று ஆரம்பித்தேன்.

எங்கள் மெஷினில் எக்ஸ்ரே போய் அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அந்த இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து இன்னொன்று விழும்போது அந்தந்த தனிமத்துக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்ரே வருகிறது. வெள்ளிக்கு 22.1 கிலோ எலக்ட்ரான்வோல்ட், செம்புக்கு 8. எந்த ஆற்றலில் எவ்வளவு வருகிறது என்று எண்ணினால் டச் கிடைக்கும். ஓடையின் விஷயத்தில் நடப்பது தலைகீழ். வாயுவுக்குப் பின்னால், கற்பனை செய்ய முடியாத தூரத்தில் ஒரு குவாசார், அதாவது நடுவிலுள்ள கருந்துளையால் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையம், எரிந்துகொண்டிருக்கும். அதன் ஒளி வாயுவைக் கடந்து வரும்போது சிலிக்கான், கார்பன், கந்தகம், ஆக்ஸிஜன் எல்லாம் தங்களுக்கு உரிய அலைநீளத்தில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். நிறமாலையில் அந்த இடங்களில் பள்ளம் விழும். பள்ளத்தின் ஆழமும் அகலமும்தான் சீட்டு. ஹைட்ரஜன் வாயைத் திறக்காவிட்டாலும், எலக்ட்ரான் இழந்த சிலிக்கானும் கார்பனும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சங்கடம் உண்டு. அதே ஒளி கடைசியில் நம் பால்வெளியின் வாயுவையும் கடந்துதான் வருகிறது. நம் சிலிக்கானும் பள்ளம் போடும். இரண்டையும் பிரிப்பது வேகம். பால்வெளியின் வாயு இந்தத் திசைகளில் மெதுவாக நகர்கிறது, ஓடையின் வால்பக்கமோ விநாடிக்கு 300 கி.மீ.க்கு மேல் நம்மை நோக்கி வருகிறது. பள்ளம் அந்த அளவுக்கு நகர்ந்து விழும். பெகாசஸில் என்ஜிசி 7469 என்று ஒரு கேலக்ஸி இருக்கிறது, அதன் நடுப்பகுதி பிரகாசமானது. அதை விளக்காக வைத்துத்தான் நம் மாடிக்கு மேலே இருக்கிற அந்த வால்பகுதியைப் படித்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ ஃபாக்ஸ் குழுவினர் 2014இல் ஹபிள் தொலைநோக்கியில் எடுத்த 69 திசைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 56 திசைகளில் மெகல்லன் வாயு சிக்கியது. ரேடியோவில் தெரிந்த பட்டைக்கு வெகுதூரம் வெளியேகூடச் சிக்கியது. அயனி வாயுவையும் சேர்த்தால் ஓடை வானத்தில் சுமார் 11,000 சதுர டிகிரிக்குப் பரவியிருக்கிறது, மொத்த வானத்தில் நாலில் ஒரு பங்கு. எடையில் நடுநிலை வாயு ஒரு பங்கு என்றால் அயனி மூன்று பங்கு. நாற்பது வருடம் எல்லாரும் ஓடை என்று வரைந்துகொண்டிருந்தது, மொத்தத்தில் கால்வாசியை.

இனி டச். சூரியனில் ஹைட்ரஜனுக்கு எவ்வளவு கந்தகம் இருக்கிறதோ அதுதான் இவர்களுக்கு ஸ்டாண்டர்ட் பீஸ். நாங்களும் மெஷினோடு ஒரு ஸ்டாண்டர்ட் வைத்திருப்போம், காலையில் முதலில் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலை. கந்தகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. சிலிக்கானும் இரும்பும் பாதி தூசிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், எண்ணிக்கை குறைவாக வரும். கந்தகம் பெரும்பாலும் வாயுவிலேயே நிற்கும். மேல் முலாம் போட்ட சரக்கில் எங்கள் மெஷின் ஏமாறுவதுபோல இங்கேயும் ஏமாற இடம் உண்டு, அதற்கு இவர்களுக்குத் தெரிந்த வழி இது.

முடிவு 2013இல் இரண்டு கட்டுரைகளாக வந்தது. ஃபாக்ஸ் குழு பார்த்த திசைகளில் சூரிய அளவில் பத்தில் ஒரு பங்கு. பிலிப் ரிக்டர் குழு ஃபேரால் 9 என்ற கேலக்ஸியை விளக்காக வைத்து இன்னொரு திசையில் பார்த்ததில் பாதி. பத்து எங்கே, ஐம்பது எங்கே! ஒரே ஓடைக்குள், மேகங்களுக்குக் கிட்டத்திலேயே, ஐந்து மடங்கு வித்தியாசம். எந்தப் பட்டறைக்காரரும் இதைப் பார்த்ததும் இரண்டு உருக்கு என்று சொல்லிவிடுவார். விண்ணியலாளர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஓடையில் இரண்டு இழைகள் பின்னிக்கொண்டு போகின்றன என்று ரேடியோ வரைபடத்தில் முன்பே தெரிந்திருந்தது. டேவிட் நைடவர் 2008இல் ஒரு இழையைப் பின்தொடர்ந்து பெரிய மேகத்துக்குள் கொண்டுபோய் விட்டிருந்தார். பெரிய மேகத்தின் இன்றைய டச் சுமார் பாதி. பொருந்துகிறது.

மற்ற இழையின் பத்தில் ஒரு பங்கு? சின்ன மேகத்தின் இன்றைய டச் ஐந்தில் ஒரு பங்கு. பொருந்தவில்லை. இந்த இடத்தை நான் முதலில் படித்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். கேலக்ஸிக்குள் நட்சத்திரங்கள் பிறந்து இறந்து கனமான தனிமங்களைக் கலந்துகொண்டே இருப்பதால் அதன் டச் வருடம் ஆக ஆக ஏறும். உரிந்து வெளியே போன வாயுவில் நட்சத்திரம் பிறப்பதில்லை, அது உரிந்த அன்றைக்கு என்ன டச்சோ அதிலேயே நிற்கும். ஆகவே சின்ன மேகம் எப்போது பத்தில் ஒரு பங்காக இருந்தது என்று பார்த்தால், சுமார் 200 கோடி வருடங்களுக்கு முன். உரிந்த தேதி கிடைத்துவிட்டது. ஃபேரால் 9 திசையில் நைட்ரஜன் மட்டும் குறைவாக இருந்தது இன்னொரு துப்பு. கந்தகத்தைப் பெரிய நட்சத்திரங்கள் வெடித்துச் சீக்கிரமே தந்துவிடும், நைட்ரஜன் நிதானமாக வரும். அந்த வாயுவுக்குள் கந்தகம் கலந்து அதிக காலம் ஆவதற்குள் அது வெளியேறிவிட்டது.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்த அண்ணா கேட்டது: "எடை?"

எடைக்குத்தான் பதில் இல்லை. டச் ஒரு விகிதம். ஒரு கொலுசு மணியிலும் ஒரு கிலோ கட்டியிலும் ஒரே டச் இருக்கலாம், பத்தடி தள்ளி இருந்தாலும் அது மாறாது. வாயுவின் எடைக்குத் தூரம் தெரிய வேண்டும். வானத்தில் இத்தனை டிகிரி பரப்பு என்பது மட்டும் தெரியும். தூரம் அதிகமானால் அதே டிகிரி இன்னும் பெரிய பரப்பு. தூரத்தின் இருமடியாக எடை ஏறும், தூரம் பாதியானால் எடை கால். ஃபாக்ஸ் குழு சொன்ன மொத்த எடை 200 கோடி சூரியன்கள். அது ஓடை 1,80,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது, கட்டுரையிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். செய்தியாக வரும்போது அந்த நிபந்தனை உதிர்ந்துபோகிறது, 200 கோடி மட்டும் நிற்கிறது. எனக்கு இதுதான் எரிச்சல். தராசு எந்த அளவில் சரிபார்க்கப்பட்டது என்று சொல்லாமல் யாராவது எடைச்சீட்டு கொடுத்தால் எங்கள் தெருவில் அடிதடி ஆகிவிடும்.

தூரத்தைப் பற்றிய கருத்துகளோ இரண்டு பக்கமும் இழுக்கின்றன. ஸ்காட் லுக்கினி குழுவின் 2021 கணினி மாதிரியில் ஓடையின் மிக அருகிலுள்ள பகுதி நம்மிடமிருந்து 65,000 ஒளியாண்டுக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் எடை கணிசமாகக் குறையும். வேதாந்த் சந்திரா குழுவினர் 2023இல் ஓடையின் திசையில், ஓடையோடு சேர்ந்து நகரும் 13 சிவப்பு ராட்சத நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். அவை இருப்பது 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் ஒளியாண்டு தூரத்தில். வாயுவும் அங்கேயே இருந்தால் எடை பல மடங்கு ஏறும். நட்சத்திரமும் வாயுவும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாயுவை எதிரே வரும் அழுத்தம் தடுக்கும், நட்சத்திரத்தைத் தடுக்காது.

இந்தத் தூரச் சண்டைக்கு நடுவே கதை இன்னும் ஒரு திருப்பம் எடுத்தது. மேகங்கள் பால்வெளியைப் பலமுறை சுற்றிவந்தவை என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். நித்யா கல்லிவயலில் குழுவினர் 2006இல் ஹபிளை வைத்து மேகங்களின் நகர்வை அளந்தபோது வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. இப்போதைய மதிப்பு பெரிய மேகத்துக்கு விநாடிக்கு சுமார் 320 கி.மீ. அந்த வேகத்தில் வருவது அனேகமாக முதல்முறை வருகை என்று அடுத்த வருடம் குர்ட்டினா பெஸ்லா குழு காட்டியது. முதல்முறை வருகிறவை இவ்வளவு வாயுவை எப்படி அதற்குள் இழந்திருக்கும்? இரண்டு மேகங்களும் பால்வெளிக்கு வருவதற்கு முன்பே ஒன்றை ஒன்று இழுத்துப் பிய்த்துக்கொண்டன என்பது பதிலின் பெரும்பகுதி. 200 கோடி வருடம் என்ற அந்தத் தேதிக்கும் இது ஒத்துப்போகிறது. ஆனாலும் அந்த அளவு அயனி வாயுவுக்கு அது போதவில்லை. லுக்கினி 2020இல், பெரிய மேகம் தன்னைச் சுற்றித் தனக்கென்று ஒரு சூடான வாயு உறையோடு வந்திருக்க வேண்டும் என்றார். 2022இல் தனேஷ் கிருஷ்ணாராவ் குழு 28 குவாசார்களை விளக்காக வைத்து அந்த உறையைக் கண்டுபிடித்தது. சப்னா மிஸ்ரா குழு 2024இல் அது எதுவரை இருக்கிறது என்று பார்த்தது. குறுக்கே சுமார் 50,000 ஒளியாண்டுதான். இதே எடையுள்ள மற்ற கேலக்ஸிகளின் உறையில் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் பால்வெளிக்குள் நுழைந்தபோது உரிந்துவிட்டது. ஆனாலும் எஞ்சியதை மேகம் விடவில்லை, வாயு இன்னும் அதைச் சுற்றி நிற்கிறது.

பால்வெளி இதையெல்லாம் விழுங்குகிறதா என்ற தலைப்புச் செய்திக்கு வருகிறேன். ஓடை முழுக்கப் பத்திரமாக வந்து தட்டில் விழுந்தால், ஃபாக்ஸ் குழுவின் கணக்குப்படி வருடத்துக்கு 4இலிருந்து 7 சூரியன் எடைக்கு வாயு சேரும். பால்வெளியில் வருடத்துக்குப் பிறக்கும் நட்சத்திரங்களின் எடை ஒன்று அல்லது இரண்டு சூரியன். வந்தால் நல்ல வரவு. ஆனால் வழியில் அந்தச் சூடான மெல்லிய வாயுவில் கரைந்து கலந்துவிடுவதற்கான வாய்ப்பே அதிகம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இப்போதே முக்கால்வாசி அயனியாகிவிட்டது என்பது கரைதல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். கரைந்தது பிற்பாடு குளிர்ந்து இறங்கலாம், அதற்கு எத்தனை கோடி வருடம் என்பது வேறு கணக்கு. ஆக, 'விழுங்குகிறது' கொஞ்சம் அவசரமான சொல்.

இந்த டச் எல்லாம் எடுத்த மெஷின் ஒன்றே ஒன்று. 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் போய் ஹபிளில் பொருத்திய புற ஊதா நிறமாலைமானி. கந்தகத்தின் அந்தப் பள்ளங்கள் விழும் இடம் 1250 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கம். நம் காற்று அந்த ஒளியைத் தரைக்கு விடாது. சேலத்திலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அதாலும் முடியாது, எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் முடியாது. நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாக் கருவி அருமையான படங்கள் எடுத்தது, ஆனால் இவ்வளவு நுணுக்கமாக நிறத்தைப் பிரிக்க அது கட்டப்படவில்லை. ஹபிள் போனது 1990இல். 2024 ஜூன் முதல் ஒரே ஒரு கைரோவை வைத்துத் திசை பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்து நாசா திட்டமிடும் பெரிய புற ஊதாத் தொலைநோக்கி 2040களுக்கு முன் வராது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்சிஸ்ட் என்று ஒரு மீட்டர் அளவில் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றை முன்மொழிந்திருக்கிறது, நிறமாலையும் எடுக்கும் என்கிறார்கள். அது ஏறுமா என்று அவ்வப்போது தேடிப் பார்ப்பேன்.

எக்ஸ்ரே ட்யூப் போனால் புதிது வந்து சேரும்வரை கடையை மூட வேண்டியதுதான் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தத்தை நான் தவற விடுவதில்லை. ஹபிளுக்கு அப்படி சர்வீஸ் செய்ய 2009க்குப் பிறகு யாரும் போகவில்லை.